மூன்று தோல்விகளும் ஒரு வால்வும்

நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கும் மனித இதயம் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3.7 கோடி முறை துடிக்கிறது. அந்த ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறைகளின் வாயில்களில் அமைந்த நான்கு வால்வுகளும் ஒரு முறை திறந்து ஒரு முறை மூடி, ரத்தம் வந்த வழியே திரும்பாமல் காக்கின்றன. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பே உள்ள அந்த இதழ்கள் எழுபது எண்பது ஆண்டுகள் ஓயாமல் உழைப்பதற்குக் காரணம் அவை உறுதியானவை என்பது மட்டுமன்று, அவை உயிருள்ளவை என்பதும்தான். தேய்ந்த இடத்தைத் தேயும்போதே புதுப்பித்துக்கொள்ளும் செல்கள் அவற்றுள் குடியிருக்கின்றன. நோயால் சிதைந்த வால்வை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனிதர் செய்த ஒன்றைப் பொருத்த முற்படும் பொறியாளர், தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளத் தெரியாத ஒரு பொருளைக் கொண்டு, பழுதுபார்த்துக்கொண்டே இயங்கும் ஓர் உறுப்பின் வேலையை வாங்க வேண்டியிருக்கிறது.

இவ்வாறு உடலுக்குள் வைக்கப்பட்டு, ரத்தத்தோடும் தசையோடும் எலும்போடும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, இழந்த ஓர் உறுப்பின் அல்லது திசுவின் பணியை ஏற்கும் பொருள்களை உயிரிப்பொருள்கள் என்று அறிவியலாளர்கள் அழைக்கின்றனர். பெயரைக் கேட்டதும் உயிரிலிருந்து கிடைத்த பொருள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் டைட்டானியமும் பாலியஸ்டர் துணியும் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கும் இந்த வகையில்தான் சேர்கின்றன. ஒரு பொருள் உடலுக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கு, அதன் எடையையோ நிறத்தையோ சொல்வது போல ஒரே விடை சொல்லிவிட முடியாது என்பது இத்துறையின் அடிப்படைப் பாடம். எலும்புக்குள் ஆண்டுக்கணக்கில் சாதுவாகக் கிடக்கும் உலோகம், ரத்த ஓட்டத்தில் வேறொரு பொருளோடு உராயும்போது எதிரியாக மாறக்கூடும். திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா இதய வால்வின் வரலாறு இந்தப் பாடத்தை மூன்று தோல்விகளின் வழியே மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்த வால்வின் தேவை ஒரு தொண்டை வலியில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா வகையால் சிறுவர்களுக்கு, பெரும்பாலும் ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள், தொண்டையில் அழற்சி ஏற்படும்போது, அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் தற்காப்பு, கிருமியின் புரதங்களை ஒத்திருக்கும் இதயத்தின் சொந்தப் புரதங்களையும் பகையென்று பிழையாகக் கருதித் தாக்கிவிடுவது உண்டு. ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் இந்நோய் மூட்டு வலியாக வந்து போய்விட்டாலும், இதய வால்வில் அது விட்டுச்செல்லும் வடு ஆண்டுதோறும் தடித்து, இதழ்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, இருபது இருபத்தைந்து வயதில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நெரிசல் குறைந்த வீடுகளும் பென்சிலினும் பரவிய நாடுகளில் இந்நோய் அரிதாகிவிட்டது. நெரிசலும் வறுமையும் நீடித்த தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அது தங்கிவிட்டது. மேலை நாடுகளில் வால்வு மாற்றிக்கொள்பவர் பெரும்பாலும் முதியவர். இந்தியாவில் அவர் குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயதில் இருக்கும் இளைஞர் அல்லது இளம்பெண்.

இந்த வயது வேறுபாடு பொருள் தேர்வையே மாற்றிவிடுகிறது. பன்றியின் வால்வையோ மாட்டின் இதய உறையையோ குளுட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருளில் பதப்படுத்திச் செய்யும் திசு வால்வுகளில் ரத்தம் எளிதில் உறைவதில்லை என்ற பெரும் நன்மை உண்டு. ஆனால் இளம் உடலில் சுண்ணாம்புச் சத்து அவற்றில் விரைந்து படிந்து, சில ஆண்டுகளிலேயே இதழ்களை விறைப்பாக்கிக் கிழித்துவிடுகிறது. எனவே இளம் நோயாளிக்குப் பல பத்தாண்டுகள் உழைக்கும் இயந்திர வால்வு வேண்டியிருந்தது. 1970களில் அது முழுவதும் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் விலையோ, அது மிகுதியாகத் தேவைப்பட்ட குடும்பங்களால் எட்டிப்பிடிக்க முடியாததாக இருந்தது.

இயந்திர வால்வின் வரலாறு முழுவதுமே பொருள்கள் மனிதருக்குக் கற்பித்த பாடங்களின் தொகுப்பு எனலாம். 1952இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்ல்ஸ் ஹஃப்னகல் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் பந்து ஒன்றை வைத்து, அதை இதயத்துக்குள் அல்லாமல் கீழ்நோக்கிச் செல்லும் மகாதமனியில் பொருத்தினார். 1960இல் ஆல்பர்ட் ஸ்டாரும் பொறியாளர் லோவல் எட்வர்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய கூண்டும் பந்தும் கொண்ட வால்வு இதயத்துக்குள்ளேயே இடம்பிடித்தது. ஆனால் தொடக்ககால சிலிக்கோன் பந்துகள் சில நோயாளிகளின் ரத்தத்திலுள்ள கொழுப்பை உறிஞ்சி வீங்கி உருமாறின. 1969இல் வந்த பியார்க்–ஷைலி வால்வில் பந்துக்குப் பதிலாகச் சாய்ந்து திறக்கும் ஒரு தட்டு இருந்தது. அத்தட்டின் முதல் பொருளான டெல்ரின் பிளாஸ்டிக் ஈரத்தை ஏற்றுப் பருமன் மாறுவது தெரிந்ததும், பைரோலிட்டிக் கார்பன் அதன் இடத்தைப் பிடித்தது. அணு உலை எரிபொருள் துகள்களுக்கு மேல்பூச்சாக உருவாக்கப்பட்ட இந்தக் கரி வகை, கடினமும் வழுவழுப்பும் ரத்தத்தோடு ஓரளவு இணக்கமும் ஒருங்கே பெற்றிருந்ததால், பின்னர் உலகின் பெரும்பாலான இயந்திர வால்வுகளின் பொருளாயிற்று. அதைச் செய்யும் நுட்பமோ அமெரிக்காவின் ஓரிரு நிறுவனங்களின் கையில் மட்டுமே இருந்தது.

ஹஃப்னகலிடமும், ரத்தத்துக்கு இணக்கமான பரப்புகளை ஆராய்ந்த வின்சென்ட் காட்டிடமும் அமெரிக்காவில் பயின்று திரும்பிய இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வல்லியத்தான், திருவனந்தபுரத்தில் உருவாகிவந்த ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ நிலையத்தின் பொறுப்பை ஏற்றபோது, மருத்துவமனையும் பொறியியல் ஆய்வகமும் ஒரே கூரையின் கீழ் இயங்க வேண்டும் என்பதை அதன் அடித்தளமாக வைத்தார். பூஜப்புரையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குரிய சாட்டல்மண்ட் அரண்மனை உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவின் இடமாயிற்று. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்நிலையம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அறுவை அரங்கில் நோயாளியின் இதயத்தைத் திறப்பவரும், உலோகத்தைக் கடைந்து வால்வு செய்பவரும், அதை ஆட்டின் உடலில் பொருத்திப் பார்க்கும் கால்நடை மருத்துவரும் நாள்தோறும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வாய்ப்பு அன்றைய இந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிட்டக்கூடியதன்று; ஜி. எஸ். புவனேஷ்வர் போன்ற பொறியாளர்கள் வல்லியத்தானோடு இணைந்து செய்த பணிக்கு அந்த அண்மையே உயிர்நாடியாக இருந்தது.

அவர்கள் தேர்ந்துகொண்ட வடிவம் சாயும் தட்டு வால்வு. உலோக வளையத்திலிருந்து உள்நோக்கி நீளும் தாங்குகைகள் ஒரு வட்டத் தட்டைப் பிடித்துவைக்கும். ரத்தம் முன்னோக்கிப் பாயும்போது தட்டு சாய்ந்து வழிவிடும். பாய்ச்சல் நின்று அழுத்தம் திரும்பும் நொடியில் தட்டு மீண்டும் படிந்து வாயிலை அடைக்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த அமைப்பில் சிக்கல் முழுவதும், தட்டும் தாங்குகையும் ஒன்றையொன்று தொடும் ஊசிமுனையளவு இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

முதல் மாதிரியில் தாங்குகைகள் உலோக வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. பற்றவைப்பின் கடும் வெப்பத்தில் அந்த இடத்து உலோகத்தின் உள்ளமைப்பு மாறி நொறுங்கும் தன்மையைப் பெற, ஓயாத அசைவைத் தாங்காமல் அங்கே முறிவு ஏற்பட்டது. இத்தகைய குறை சித்ராவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1979க்குப் பிறகு உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பியார்க்–ஷைலியின் குழிவு-குவிவு வகை வால்வில், பற்றவைத்த தாங்குகை முறிந்து, தட்டு கழன்று, பல நோயாளிகள் உயிரிழந்ததால் 1986இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் அதே பலவீனம் மனித உடலுக்குப் போகும் முன்னரே வெளிப்பட்டது என்பது பெரும் பேறு.

இரண்டாம் மாதிரியில் டைட்டானியக் கூட்டோடு சபையர் தட்டு இணைக்கப்பட்டது. சபையர் என்பது அலுமினியம் ஆக்சைடின் ஒற்றைப் படிகம். நவரத்தினங்களுள் ஒன்றான நீலத்தின் வேதியியல் உறவு. வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் கடினம் உடையது. ரத்தத்தில் கரையாது, அரிபடாது. டைட்டானியமோ எலும்போடு கைகோத்துக்கொள்ளும் உலோகம் என்று பெயர் பெற்றது. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சிறந்தவை, சேர்ந்தபோது தோற்றன. டைட்டானியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய ஆக்சைடு படலம். கடினமான சபையர் விளிம்பு அந்தப் படலத்தைச் சுரண்ட, அடியிலிருந்த மென்மையான உலோகம் வெளிப்பட்டு மீண்டும் படலம் போர்த்திக்கொள்ள, அது மறுபடியும் சுரண்டப்பட, தாங்குகை ஏற்கத்தக்க அளவுக்கு மேல் தேய்ந்துபோயிற்று. உயிரிப்பொருளைத் தனியாக மதிப்பிடுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடுவது கடினம்.

மூன்றாம் மாதிரி இரு குறைகளுக்கும் விடையாக அமைந்தது. ஹேய்ன்ஸ்-25 என்னும் கோபால்ட்–குரோமியம் கலப்புலோகம், வெப்பத்தையும் தேய்மானத்தையும் தாங்குவதற்காக ஜெட் இயந்திர உறுப்புகளில் பயன்பட்டது. அதன் ஒரே கட்டியிலிருந்து வளையமும் தாங்குகைகளும் சேர்த்தே கடைந்தெடுக்கப்பட்டதால் பற்றவைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. தேய்மானமும் அடங்கியது. ஆனால் இப்போது சபையர் தட்டே உடைந்தது. உலோகம் அடிபட்டால் சற்று நெளிந்து அந்த விசையை உள்வாங்கிக்கொள்ளும். படிகத்துக்கு நெளியத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் அதில் இருந்துவிட்டால், ஒவ்வொரு அடியும் அந்தக் கீறலை ஒரு மயிரளவு நீட்டி, ஒரு நாள் தட்டை இரண்டாக்கிவிடும். தேய்மானத்துக்கு எதிராக எந்தக் கடினத்தை நம்பித் தேர்ந்தார்களோ அந்தக் கடினமே முறிவுக்கும் காரணமாயிற்று. ஆண்டுகள் பல கழிந்து, பொது நிதி செலவழிந்து, மூன்றாம் முறையும் கையில் ஒன்றுமில்லாமல் நின்ற ஓர் ஆய்வுக்குழு திட்டத்தைக் கைவிட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கைவிடவில்லை.

நான்காம் மாதிரியின் தட்டு பிளாஸ்டிக்கால் ஆனது. காய்கறிப் பைகளுக்கும் வாளிகளுக்கும் பயன்படும் பாலிஎத்திலீனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அது. ஆனால் அதன் சங்கிலி மூலக்கூறுகள் சாதாரண வகையைவிடப் பல மடங்கு நீளமானவை, மூலக்கூறு எடை பல பத்து லட்சங்களைத் தொடுவது. நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் அது அடியைத் தாங்குகிறது, எளிதில் தேய்வதில்லை. மருத்துவத்துக்குள் இப்பொருள் நுழைந்த விதம் தனியே சொல்லத்தக்கது. இங்கிலாந்தில் செயற்கை இடுப்பு மூட்டை உருவாக்கிய ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்த, அவை விரைந்து தேய்ந்து, தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைப் புண்ணாக்கின. 1962இல் லங்காஷயர் நெசவுத் தறிகளின் பல்சக்கரங்களுக்காக விற்கப்பட்டுவந்த இந்த நீள்மூலக்கூறுப் பாலிஎத்திலீனை, சார்ன்லி அதில் நம்பிக்கை கொள்ளாத நிலையிலும், அவருடைய ஆய்வக உதவியாளர் ஹாரி கிரேவன் தேய்மானப் பொறியில் ஏற்றிச் சோதித்தார். நாள்கணக்கில் ஓடியும் அது மிகச் சிறிதளவே தேய்ந்திருந்தது. தறிக்கூடத்துப் பொருள் அவ்வாறு இடுப்பு மூட்டுக்கு வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் இதயத்துக்குள்ளும் சென்றது.

விலை குறைந்த பிளாஸ்டிக்கைக் கொண்டு ஏழை நாட்டுக்கு ஏற்ற ஒரு சமரசம் செய்துகொண்டார்கள் என்று இதைப் பார்ப்பது நியாயமன்று. கடினமான உலோகத்தின் மேல் சற்றே இணங்கிக்கொடுக்கும் தட்டு விழும்போது அடியின் விசை குறைகிறது. மூடும் ஓசை தணிகிறது. தட்டு தன் இருப்பிடத்தில் மெல்லச் சுழல்வதால் தேய்மானம் ஒரே இடத்தில் குவியாமல் பரவுகிறது. கார்பன் வால்வு பொருத்தப்பட்ட பலர் இரவின் அமைதியில் தம் நெஞ்சுக்குள்ளிருந்து கடிகாரம் போல் எழும் 'டிக்' ஓசையைக் கேட்டு உறக்கமின்றித் தவித்ததுண்டு என்பதை நினைத்தால், ஓசை தணிவது சிறு நன்மையன்று.

வால்வின் மூன்றாவது பகுதியான தையல் வளையம் பாலியஸ்டர் துணியால் ஆனது. சட்டைத் துணியில் இருக்கும் அதே வேதிப்பொருள். அறுவை மருத்துவர் வால்வை இதயத் திசுவோடு இணைத்துத் தைப்பது இதன் வழியாகத்தான். தட்டின் மேல் எதுவும் ஒட்டக் கூடாது. துணியின் மேலோ உடலின் திசு வளர்ந்து, இழைகளுக்குள் புகுந்து, வால்வைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வளர்ச்சி வளையத்தோடு நின்றுவிட வேண்டும், தட்டின் பாதையை எட்டிவிடக் கூடாது. ஒரே கருவிக்குள், சில மில்லிமீட்டர் இடைவெளியில், உடலை வரவேற்கும் பரப்பும் விலக்கிவைக்கும் பரப்பும் அடுத்தடுத்து இருக்க வேண்டியிருக்கிறது. ரத்தம் ஓர் அயற்பொருளைத் தொட்ட சில நொடிகளிலேயே அதன் மேல் புரதங்கள் படிந்துவிடுகின்றன. ஒரு புரதம் படிந்த இடத்தை மற்றொன்று வந்து பிடித்துக்கொள்வதை ரத்த ஆய்வாளர் லியோ வ்ரோமன் கண்டு விளக்கினார். பின்னர் வரும் ரத்த அணுக்கள் சந்திப்பது உண்மையில் உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ அன்று, அவற்றின் மேல் போர்த்தியிருக்கும் புரதப் போர்வையைத்தான். எனவே பொருள் அறிஞர்கள் தேடுவது எந்தப் பரப்பு எந்தப் போர்வையைத் தனக்கு வரவழைத்துக்கொள்ளும் என்பதையே.

ஆய்வகத்தில் விரைவுத் தேய்மானப் பொறி, இதயத்தைவிடப் பல மடங்கு வேகமாக வால்வைத் திறந்து மூடியது. 35 கோடிக்கும் மேற்பட்ட சுழற்சிகள், அதாவது ஏறத்தாழ ஒன்பது ஆண்டு வாழ்க்கை, அவ்வாறு சுருக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. செல் வளர்ப்பிலும் ரத்தத்திலும் பொருள்கள் தேறின; ஆடுகளின் இதயத்தில் வால்வு உழைத்தது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் முறையாக ஒரு மனிதருக்கு அது பொருத்தப்பட்டது. இதய வால்வைத் தனியே நெறிப்படுத்தும் சட்ட விதி அன்றைய இந்தியாவில் இல்லை. வால்வு 2005இல்தான் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. சட்டம் கேட்காத கட்டுப்பாட்டைத் தாமே ஏற்று, ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தி முடிவுகளை வெளியிட்ட பொறுப்புணர்ச்சியை, வால்வின் வடிவத்துக்கு இணையான சாதனையாகவே கருத வேண்டும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றுக்கொள்ள, 1990களின் நடுவில் வால்வு விற்பனைக்கு வந்தது. ஆய்வகத்தில் கைப்பக்குவமாகச் செய்த ஒன்றை, ஆயிரமாவது வால்வும் முதல் வால்வைப் போலவே இருக்கும்படி தொழிற்கூடத்தில் செய்வது வேறொரு கலை; லாபம் எப்போது வரும் என்று தெரியாத அந்தக் கலையில் ஒரு தனியார் நிறுவனம் பொறுமை காட்டியதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் இதுவரை பொருத்தப்பட்டுள்ளன. 2017இல் வெளியான மருத்துவக் கருவி விதிகளின்படி இதய வால்வு மிக உயர்ந்த அபாய வகுப்பில் வைக்கப்பட்டுள்ளது. பொருத்தப்பட்ட கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டமும் 2015இல் தொடங்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் தீராத குறை ஒன்று உண்டு. அது சித்ரா வால்வுக்கு மட்டுமன்றி உலகின் எல்லா இயந்திர வால்வுகளுக்கும் பொது. ரத்தம் உறையாமல் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே பரப்பு ரத்த நாளங்களின் உயிருள்ள உட்சுவர் செல்படலம்தான்; அதற்கு நிகரான ஒன்றை எந்த ஆய்வகமும் இன்னும் செய்துவிடவில்லை. ஆகவே இயந்திர வால்வு பெற்றவர் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் போன்ற உறைவுத்தடுப்பு மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொண்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவை அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும்; கூடினால் மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியும். ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறிச் சோதனைக்கூடத்துக்கு வர வேண்டிய கூலித் தொழிலாளிக்கு, வால்வின் விலையைவிட இந்த மாதாந்தரப் பயணமே பெரிய சுமை. இயந்திர வால்வைப் போல் நீடித்து, திசு வால்வைப் போல் ரத்தத்தோடு இணங்கும் நெகிழ்வான பாலிமர் இதழ்களை நோக்கிப் பல நாடுகளில் இப்போது ஆய்வு நடப்பதற்கு இதுவே காரணம்.

ருமாட்டிக் நோயால் ஈரிதழ் வால்வு சுருங்குவது பெண்களுக்கே மிகுதி என்பதால், இந்தக் குறை மிகக் கூர்மையாகத் தைப்பது கருவுற்ற இளம்பெண்ணைத்தான். வார்ஃபரின் நச்சுக்கொடியைக் கடந்து சென்று, ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை கருவின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும்; அதற்கு மாற்றாக ஊசியில் செலுத்தப்படும் ஹெப்பாரின் கருவை எட்டாது, ஆனால் வால்வை அந்த அளவுக்கு உறுதியாகக் காப்பதுமில்லை. எந்த மருந்தை எந்த வாரத்தில் நிறுத்துவது, எந்த வாரத்தில் மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரும் அவளும் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். அந்த வாரங்களில் ஒவ்வொரு முறை அவள் மருத்துவமனைக்கு வரும்போதும் முதலில் ஸ்டெதஸ்கோப் அவள் நெஞ்சில் வைக்கப்படுகிறது. தட்டு மூடும் அந்த மெல்லிய ஓசை மங்கியிருந்தால், அன்றைக்கே அவள் எக்கோ பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறாள்.